இடத்தையும் காலத்தையும் இணைத்த பேராசான்

ஐன்ஸ்ரைன் என்னும் பெயரை அறியாதார் இன்று அரியர். ஆயின், அவருக்குக் கணிதம் போதித்த ஹேர்மன் மின்கோவ்ஸ்கியின் பெயரை நம்மிற் சிலரே அறிவர்.

அந்நாளில் ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்ததும் இன்று லித்துவேனியாவில் உள்ளதுமான அலெக்சோதாஸ் என்னும் ஊரில், 1864 யூன் 22 இல் அவர் பிறந்தார். எட்டு வயதிலே குடும்பத்தாருடன் கேனிக்ஸ்பேர்க் நகருக்குக் குடிபெயர்ந்தார். ஓர் எண்ணை ஐந்து வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எத்தனை விதமாக எழுதலாம் என்னும் வினாவுக்கு விடைகண்டு, 1883 இல், பதினெட்டே வயதில், பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் பெரும் பரிசினைப் பங்கிட்டுப் பெற்றார்.

1896 முதல் சூரிச் நகரிலே கற்பித்த காலத்தில் ஐன்ஸ்ரைன் அவரிடம் பயின்றார். அம்மாணவனைக் கணிதத்திற் கருத்தில்லாச் சோம்பேறி என்றே ஆசான் எண்ணினார். அம்மாணவனே 1905 இல் சார்புக் கொள்கையை வெளியிட்டபோது, அப்போது கேத்திங்கன் பல்கலைக்கழகத்திலிருந்த ஆசான் வியப்புற்றார். வியந்ததோடு நில்லாது, அதன் உட்பொருளை ஆராயவும் முற்பட்டார்.

அவர் கண்டதை நாமும் ஒரு தாளிலே வரைந்து பார்க்கலாம். குறுக்கே இடத்தையும் மேல்நோக்கிக் காலத்தையும் குறிப்போம். ஓரிடத்தில் ஒரு கணத்தில் நிகழ்வது ஒரு புள்ளி. அசையாது அமர்ந்திருப்பவனும் காலத்தாற் செல்லுகின்றான். அவன் வாழ்வு நேர்குத்தான கோடாகின்றது. நடப்பவனின் கோடு சற்றே சாயும். ஒளி ஒரு செக்கனில் ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். அத்தூரத்தையும் ஒரு செக்கனையும் சம நீளமாகக் கொண்டால், ஒளியின் கோடு 45 பாகை சாயும். அதனினும் அதிகமாக எப்பொருளின் கோடும் சாயாது.

வயலொன்றில் இருவர் வெவ்வேறு திசைகளைக் கிழக்கெனக் கொண்டு அளந்தால், கிழக்களவும் வடக்களவும் வேறுபடும்; இரு மரங்களுக்கிடையிலான தூரமோ மாறாது. அவ்வாறே, வெவ்வேறு வேகத்திற் செல்வோர் அளக்கும் காலமும் தூரமும் வேறுபடும். ஆயின் மேற்கூறிய அளவில், காலத்தின் வர்க்கத்திலிருந்து தூரத்தின் வர்க்கத்தைக் கழித்து வருவது யாவர்க்கும் ஒன்றே. இடமும் காலமும் தனித்தனிப் பொருள்களல்ல, ஒன்றன் இரு கூறுகளே என்பது இதனாற் பெறப்படும்.

1908 செப்ரெம்பர் 21 இல் கேர்ள்ன் நகரில் இதனை அவர் அறிஞர்முன் விளக்கினார். நான்கு மாதமும் நிறையுமுன், 1909 சனவரி 12 இல், குடல்வளரி நோயால் நாற்பத்துநான்கு வயதிலே மறைந்தார். அவ்வுரை அச்சில் வந்தபோது அவர் இல்லை.

மாணவரோ இக்கேத்திரகணிதத்தை முதலில் வேண்டாத அலங்காரமென்றே கருதினார். ஈர்ப்பின் இயல்பை ஆராயப் புகுந்த பின்னரே, சில ஆண்டுகளில், அதன் அருமையை உணர்ந்தார். 1915 இல் நிறைவுற்ற பொதுச் சார்புக் கொள்கை அவ்வத்திவாரத்தின் மீதே எழுந்தது.

மாணவனை ஆசான் குறைவாக மதித்தார். ஆசானின் பணியை மாணவன் குறைவாக மதித்தார். இருவரும் உண்மை கண்டதும் தம் எண்ணத்தைத் திருத்திக்கொண்டனர். அப்பண்பே இளைஞராகிய நாம் இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க பெரும் பேறாகும்.