அகராதி ஆசிரியர் ஜோன்சனின் உள்ளப் பிணி

உடற்பிணியைப் பிறர்க்குரைக்க ஒருவரும் நாணுவதில்லை. உள்ளப் பிணியை உரைக்கவோ கற்றோரும் நாணுவர். கல்வி நிரம்பியோர்க்கு மனக்கலக்கம் வாராது என்னும் எண்ணமும் நம்மிடையே உண்டு. அது பிழையென்று மாணவர்க்கு உணர்த்த நேரும்போதெல்லாம், யான் ஆங்கில அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜோன்சனின் வரலாற்றையே எடுத்துக் கூறுவேன்.

ஜோன்சன் 1709ஆம் ஆண்டில், இங்கிலாந்திலே லிச்பீல்ட் என்னும் ஊரில், ஒரு புத்தக வணிகரின் மகனாய்ப் பிறந்தார். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திற் புகுந்தும், வறுமை காரணமாக ஓராண்டுக்குச் சற்று மேலே அங்குத் தங்க இயலாது, 1729இல் வீடு திரும்பினார். இருபது வயதான அவரை அப்பொழுது பெருந்துயர் ஒன்று கவ்வியது. அறிவு திரிந்துவிடுமோ என்னும் அச்சம் அன்று தொடங்கி நெடுங்காலம் அவரை வருத்திற்று.

அத்துயரை அவர் எதிர்கொண்ட முறைகளே ஈண்டுக் கருதற்பாலன. தம் நிலையை இலத்தீன் மொழியில் விரிவாக எழுதி, தம் ஞானத்தந்தையாகிய மருத்துவரிடம் கொடுத்தார். அவரோ அதன் சொல்வன்மையை வியந்து பிறர்க்கும் காட்டிவிட்டார். ஜோன்சன் மனம் மிக நொந்தார். மாணவர் நம்மை நம்பி உரைப்பதைக் காத்தல் ஆசிரியராகிய நமக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

துயர் மிகும்போது அவர் லிச்பீல்டிலிருந்து பேர்மிங்ஹாம் நகர்வரை நடப்பார், நடந்தே மீள்வார். போகவர ஏறக்குறைய 30 மைல். பிற்காலத்தில் எண்ணங்கள் கட்டுமீறும் வேளைகளிற் கணக்குப் போடத் தொடங்குவார். பெருந்தொகையொன்றை வகுத்துக்கொண்டிருக்கும் மனம் அச்சத்தைப் பெருக்கிக்கொண்டிருக்க ஒழிவு பெறுவதில்லை.

1752இல் மனைவியை இழந்தார். அத்துன்பத்தின் ஊடேயும் பணி செய்து, 40,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அகராதியை 1755இல் வெளியிட்டார். 1759இல் தாயார் இறந்தபோது, ஈமச் செலவுக்காக ஒரு வாரத்து மாலைப் பொழுதுகளில் 'ராசெலாஸ்' என்னும் கதையை எழுதி முடித்தார்.

எனினும், உழைப்பு மட்டும் எப்பொழுதும் போதியதாகவில்லை. 1766இல் அவர் மிகத் தளர்ந்தபோது, திரேல் என்னும் நண்பர் குடும்பத்தார் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று பேணினர். தனிமையையும் சோம்பலையும் ஒருங்கே சேரவிடலாகாது என்று அவர் நண்பர் பொஸ்வெலுக்குப் பின்னாளில் அறிவுறுத்தியது பட்டறிந்த பாடமேயாம்.

1783 ஜூன் மாதத்தில் ஓர் இரவு பக்கவாதத்தால் அவருடைய பேச்சு அற்றது. அறிவும் குன்றியதோ என ஐயுற்று, இறைவனை வேண்டி இலத்தீன் செய்யுளொன்றை மனத்துள் யாத்துப் பார்த்தார். செய்யுள் சிறப்பாக அமையவில்லை. ஆயினும், சிறப்பன்று என்பது தமக்கே புலப்பட்டமையால், அறிவு குன்றவில்லையெனத் தேறினார். பேச்சும் பின்னர் மீண்டது. 1784 டிசம்பரில், தம் 75ஆம் வயதிற் காலமானார்.

அவருடைய துயர் முற்றும் நீங்கியதில்லை. வந்தபோதெல்லாம் அந்த நாழிகையைக் கடத்தற்குரிய சிறு செயலொன்றை அவர் தேடிக்கொண்டார். தேர்விலே தோற்றும், அன்புடையாரை இழந்தும் கலங்கி நிற்கும் இளைஞரிடம் மனத்தை அடக்குக என்று கூறிவிடுதல் எளிது. முதலில் அவர் சொல்வதைக் கேட்போமாக. பின்னர் அவரோடு சிறிது தூரம் நடப்போமாக. அவர் கைக்கு ஏற்றதொரு வேலையையும் கொடுப்போமாக.