கூப்பர் வரைந்த கரிய எழுத்து

நூலை இயற்றியவர் யார் என்று கேட்கிறோம். அந்நூலின் எழுத்துக்கு வடிவம் தந்தவர் யார் என்று கேட்பதில்லை. அவ்வாறு கேட்கப்படாமலே போனவர்களுள் ஒருவர் ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர்.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் மவுண்ட் கிலியட் என்னும் ஊரில் 1879ஆம் ஆண்டு பிறந்த அவர், கேன்சஸ் மாநிலத்துக் காஃபிவில்லில் வளர்ந்தார். இளமையிலேயே அச்சகத்தில் எடுபிடி வேலை பார்த்தார். ஓவியராக வேண்டும் என்னும் ஆவல் அவரைச் சிகாகோவில் ஃபிராங்க் ஹோம் நடத்திய பள்ளிக்கு இட்டுச் சென்றது. படம் வரைதல் தமக்குக் கைவராது என்பதை அங்கேதான் கண்டுகொண்டார். ஆயினும் அதே பள்ளியில் எழுத்து வரையும் கலையைக் கற்பித்துக்கொண்டிருந்தவர் ஃபிரெடெரிக் கௌடி. அவரிடம் பயின்ற கூப்பருக்குத் தம் வழி தெரிந்துவிட்டது.

1904இல் ஃபிரெட் பெர்ட்ஷுடன் இணைந்து விளம்பரக் கலைக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். பேக்கார்டு மோட்டார் கார் விளம்பரங்களுக்கு அவர் கையால் வரைந்த எழுத்து, பின்னர் 1913இல் ஈய அச்செழுத்தாகவே வார்க்கப்பட்டது. சிகாகோவின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் வார்ப்பகத்துக்காக அவர் வரைந்த 'கூப்பர் ஓல்ட்ஸ்டைல்' 1919இல் வந்தது. அதன் தடித்த உடன்பிறப்பாக 1922இல் வெளிவந்ததே 'கூப்பர் பிளாக்'.

அவ்வெழுத்தைச் சற்று நின்று நோக்குதல் தகும். அதில் கூரிய முனை என்று ஒன்றுமில்லை. தண்டின் நுனிகளில் குறுக்குக் கால்கள் உண்டு. ஆனால் அவையும் உருண்டு திரண்டு, கால்கள் என்றே தோன்றாதபடி உடலோடு கலந்துவிட்டன. 'ஓ' என்னும் வட்ட எழுத்து பின்புறம் சாய்ந்து நிற்கிறது. உள்வெளிகள் மிகச் சிறியவை. மைதோய்ந்த தூரிகையின் குழைவு ஈயத்திலும் போகவில்லை. எழுத்துக்கும் நகைச்சுவை உண்டு என்பதை இதைக் கண்டே நான் உணர்ந்தேன்.

விளம்பரக்காரர்கள் அதை விரும்பி வாங்கினர்; மரபு வழுவாத அச்சுக் கலைஞர் சிலர் முகம் சுளித்தனர். விற்பனையைக் கண்ட போட்டி நிறுவனமாகிய லான்ஸ்டன் மோனோடைப், அதற்கு ஈடாகத் தடித்த எழுத்தொன்றைக் கேட்டுப் பெற்றது. 'கௌடி ஹெவிஃபேஸ்' என்னும் பெயரில் 1925இல் அதை வரைந்து கொடுத்தவர் வேறு யாருமல்லர், கூப்பரின் ஆசிரியர் கௌடியேதான்! மாணவன் போட்ட தடத்தில் ஆசிரியர் நடக்க நேர்ந்தது.

கூப்பரோ போலி செய்தலை வெறுத்தவர். முன்னோர் படைப்பை நன்கு கற்கலாம், ஆனால் புதிதாக ஒன்றை வரையும் வேளையில் பிறர் படைப்பு கண்ணெதிரே இருத்தலாகாது என்பது அவர் கொள்கை. அச்செழுத்து வடிவங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்றும் வாதாடினார்.

1940 டிசம்பரில் அவர் மறைந்தார். சிகாகோவின் அச்சுக் கலைஞர் சங்கம் 1949இல் அவர் நினைவாக நூலொன்று வெளியிட்டது. ஈய எழுத்தின் காலம் தேய்ந்தபோதும் கூப்பர் பிளாக் தேயவில்லை. தாளில் தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் எழுத்தாக அது 1960களில் மறுபடி பரவியது. 1966இல் பீச் பாய்ஸ் குழுவினரின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டு உறையில் ஏறியது. பின்னர் ஈசிஜெட் விமானங்களின் உடலிலும் ஏறிப் பறந்தது. அந்த உறையைக் கையில் ஏந்தியவர்களுள் கூப்பரின் பெயரைக் கேட்டிருந்தோர் மிகச் சிலரே.