தொண்ணூறிலும் வாத்தியார்

வங்கியில் முப்பத்தாறு வருஷம் உத்தியோகம் பார்த்து, ஊர் ஊராக மாற்றலில் அலைந்து, இப்போது பிள்ளையோடு மைசூரில் இருக்கிறேன். இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்தபோது பேத்தியை ஓர் ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். கணக்கு, கன்னடம், இங்கிலீஷ் எல்லாம் உண்டு. ஆனால் தினமும் முதல் பீரியட் ஸங்கீதம். பிரேயரோடு முடிந்து போகிற பாட்டு அல்ல, ஸ்ருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு முறையாகச் சொல்லித் தருகிற பாடம்.

முதல் மூன்று நாளும் ஸ-ப-ஸ மட்டும்தான். நாலாம் நாள் குழந்தை ஷூவைக் கழற்றும்போதே அழ ஆரம்பித்தாள். பாட்டு எப்போது வரும் என்று கேட்டாளாம். டீச்சர் சிரித்துவிட்டு மறுபடியும் ஸ என்றாராம். மாட்டுப்பெண்ணுக்குக் கவலை. எதிர் ஃப்ளாட் குழந்தை அபாகஸ் போகிறது, இவள் ஒரு ஸ்வரத்தையே நாலு நாளாகப் பாடிக்கொண்டிருக்கிறாள். வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றுவதானால் இந்த மாதத்துக்குள் மாற்றிவிட வேண்டும் என்று பிள்ளை சொன்னான். என் அபிப்ராயத்தையும் கேட்டார்கள். அபிப்ராயம் சொல்ல எனக்கு யோக்யதை உண்டா என்பது வேறு விஷயம். கும்பகோணத்தில் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, கீதம் முடிந்து வர்ணம் ஆரம்பிக்கிற சமயத்தில், என் தகப்பனார் பாட்டு க்ளாஸை நிறுத்திக் கணக்கு ட்யூஷனில் போட்டார். அந்தக் கணக்குதான் சோறு போட்டது. அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை.

அபிப்ராயம் சொல்லாமல், இதே ஊரில் பிறந்த ஒருவரைப் பற்றி வீட்டில் சொன்னேன். அவர் பிறந்த நாள் மே 28, இங்கே பள்ளிக்கூடங்கள் திறக்கிற சமயம். மைசூர் வாசுதேவாசாரியார்.

பெயர் தெரியாதவர்களுக்கும் பாட்டு தெரியும். 1980-ல் வந்த சங்கராபரணம் படத்தில் ‘ப்ரோசேவாரெவருரா’ என்ற கமாஸ் கீர்த்தனையைக் கேட்காதவர்கள் நம்மில் குறைவு. அதைத் தியாகையர் கிருதி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். அது ஆசாரியார் கிருதி. ‘வாசுதேவ’ என்ற முத்திரை இருக்கும்.

1865-ல் மைசூரில் ஒரு மாத்வக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு பிராயத்திலேயே தகப்பனாரை இழந்தார். தாய்வழிப் பாட்டனார் வளர்த்தார். அந்தக் காலத்து வைதிகக் குடும்பங்களில் பிள்ளையைச் சேர்க்கிற இடம் ஸமஸ்கிருத பாடசாலைதான். இவரும் மஹாராஜா ஸமஸ்கிருதக் கல்லூரியில் காவ்யம், வ்யாகரணம், அலங்காரம், தர்க்கம் என்று வரிசையாகப் படித்தார். கூடவே, அரண்மனை வித்வானான வீணை பத்மநாபய்யாவிடம் ஸங்கீத சிக்ஷை. ஒரு பக்கம் சப்தமும் தாதுவும் நெட்டுரு, இன்னொரு பக்கம் ஸரளியும் ஜண்டையும். இரண்டும் திரும்பத் திரும்பச் சொல்லி நாக்கில் ஏற்றுகிற வித்தைகள். எது எப்போது பயன்படும் என்று அந்தப் பையனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்போது ராஜ்யம் ஆண்டவர் பத்தாம் சாமராஜ உடையார். 1881-ல் ஆட்சிப் பொறுப்பை ஏற்று 1894-ல் முப்பத்தோரு வயதில் காலமானவர். குறுகிய காலத்தில் அவர் செய்த காரியங்களில் ஒன்று, இந்த இளைஞரை அரண்மனைச் செலவில் திருவையாற்றுக்கு அனுப்பி, பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் குருகுலவாசம் செய்ய வைத்தது. மைசூரிலேயே வீணை சேஷண்ணா போன்ற மஹா வித்வான்கள் இருந்தார்கள். இருந்தும், வாய்ப்பாட்டுக்கு இன்ன இடம்தான் சரி என்று ராஜா கண்டு அனுப்பினார். இந்த இடத்தில் எனக்கு எப்போதுமே ஒரு ஆச்சரியம். ஒரு பையன் பாட வேண்டும் என்பதற்காக ஒரு ராஜ்யம் கஜானாவிலிருந்து பணம் கொடுத்து, இன்னொரு சீமைக்கு அனுப்புகிறது. திரும்பி வந்து நன்றாகப் பாடுவான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? வங்கியில் லோன் ஸாங்க்ஷன் செய்தவன் கேட்கிற கேள்வி இது என்று நீங்கள் சிரிக்கலாம்.

மைசூருக்குப் பக்கத்தில் ஸ்ரீரங்கபட்டணத்தைச் சுற்றிக்கொண்டு போகிற காவிரிதான் திருவையாற்றுக்கும் போகிறது. பாஷை வேறு, சாப்பாடு வேறு. ஆனால் ஸ்நானம் செய்த ஜலம் ஒன்றுதான். வீட்டில் கன்னடம், பாடசாலையில் ஸமஸ்கிருதம், குருவின் அகத்தில் தமிழ், பாடம் செய்கிற கிருதிகளோ தெலுங்கு. நாலு பாஷைக்கு நடுவில் வளர்ந்த ஒருவரை எந்த ஊர்க்காரர் என்று சொல்வது? இன்று நதி நீருக்காக இரண்டு பக்கமும் நடக்கிறதைப் பார்க்கும்போது இது ஞாபகத்துக்கு வராமல் இருப்பதில்லை.

பட்டணம் சுப்பிரமணிய ஐயர் (1845-1902) தஞ்சாவூர்ச் சீமைக்காரர். சென்னைப் பட்டணத்தில் சில காலம் இருந்ததால் அந்தப் பெயர். பேகடா ராகத்தில் அவருக்கு இருந்த ஆளுமையால் பேகடா சுப்பிரமணிய ஐயர் என்றும் சொல்வார்கள். இயற்கையில் எளிதாக வளைகிற சாரீரம் இல்லை, அசுர சாதகத்தால் அதை வசப்படுத்தினவர் என்பது பெரியவர்கள் சொல்லக் கேட்டது. என் பாட்டு க்ளாஸ் எந்த வர்ணத்தோடு நின்று போனதோ, அந்த ஆபோகி வர்ணம் இவர் செய்ததுதான். அவருடைய குரு மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர், தியாகையரின் நேர் சிஷ்யர், உறவினரும்கூட. தியாகையர் சித்தியடைந்தது 1847-ல். அதற்குப் பதினெட்டு வருஷம் கழித்துப் பிறந்த மைசூர்ப் பிள்ளை, அதே ஊரில், அதே பரம்பரையில் போய் உட்கார்ந்தார். பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காரும் டைகர் வரதாச்சாரியாரும் அதே குருவின் சிஷ்யர்கள்.

குருகுலம் என்றால் இன்றைய குழந்தைகளுக்கு டைம்டேபிள் போலத் தோன்றும். அப்படி இல்லை. குருவோடு கச்சேரிக்குப் போக வேண்டும், பின்பாட்டுப் பாட வேண்டும், அவர் பாடுகிறபோது காதைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். பாடம் என்று தனியாக உட்கார்ந்தது கொஞ்சம், கேட்டது அதிகம். மத்யம காலத்தில் நிமிர்ந்து நடக்கிற தானம், பல்லவி எல்லாம் ஆசாரியாருக்கு இப்படிக் கேட்டே வந்தன.

ஊருக்குத் திரும்பி ஆஸ்தான வித்வான் ஆனார். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்து மைசூர் தர்பாரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். சேஷண்ணாவும் பிடாரம் கிருஷ்ணப்பாவும் இருந்த சபை. நம் திருநெல்வேலிச் சீமை ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் பிறகு வந்து சேர்ந்து, கடைசியில் 1945-ல் இந்த ஊரிலேயே காலமானார். அடுத்து வந்த ஜயசாமராஜ உடையார் கிருதிகள் இயற்றியபோது துணை நின்றவர் ஆசாரியார். இவர் செய்த உருப்படிகள் சுமார் இருநூறு, பெரும்பாலும் தெலுங்கும் ஸமஸ்கிருதமும். ஹிந்தோளத்தில் ‘மாமவது ஸ்ரீ ஸரஸ்வதி’யை நம் அகத்துப் பெண்கள் நவராத்திரிக் கொலுவில் பாடாத வருஷம் உண்டா? 1935-ல் சென்னை மியூசிக் அகாடமி மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அப்போது வயது எழுபது. வேறு யாராவது என்றால் அத்தோடு ஈஸிசேர்தான்.

என் பிள்ளையிடம் முக்யமாகச் சொன்னது இதற்கு அப்புறம் நடந்ததைத்தான். 1936-ல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ராவில் ஸங்கீதத்தைத் தாங்கி நின்றவர் டைகர் வரதாச்சாரியார். அவர் 1950-ல் காலமானார். அந்த இடத்துக்கு ருக்மிணி தேவி தேடிப் பிடித்தது டைகரைவிடப் பதினோரு வயது மூத்தவரை. தொண்ணூறை நெருங்குகிற வயதில் ஆசாரியார் மைசூரின் குளிர்ச்சியை விட்டு, அடையாறு கடற்கரை வெயிலுக்கு, வாத்தியாராகப் போனார். ஆயுசு முழுக்க அரண்மனை வித்வானாக இருந்தவர், புது ஊரில் புதுப் பிள்ளைகளின் முன்னால் உட்கார்ந்து ஸ்ருதி சேர்க்கிறார். அந்த முதல் வாரம் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. நான் ரிடையர் ஆன மறுநாளே அலாரம் கடிகாரத்தைப் பரண் மேல் போட்டவன்.

அங்கே அவருக்குக் கிடைத்த வேலை, வால்மீகி ராமாயணத்தை நாட்டிய நாடகமாக்க இசை அமைப்பது. 1955-ல் சீதா ஸ்வயம்வரம் அரங்கேறியபோது அவருக்குத் தொண்ணூறு வயது. ஆதிகவியின் ச்லோகத்தை எடுத்து, எந்தப் பதத்தில் நிறுத்துவது, எந்த இடத்தில் எந்த ராகம் என்று தீர்மானிக்க, ராக ஞானம் மட்டும் போதாது. அர்த்தம் தெரிய வேண்டும், அலங்காரம் தெரிய வேண்டும். எண்பது வருஷத்துக்கு முன்னால் பாடசாலையில் நெட்டுருப் போட்ட காவ்யமும் வ்யாகரணமும் அப்போதுதான் பாட்டோடு ஒன்றாகச் சேர்ந்தன. நடுவில் அரண்மனை போய்விட்டது, ராஜ்யம் போய்விட்டது, பாடம் சொன்னவர்கள் ஒருவரும் இல்லை. கற்றது இருந்தது. ராமாயண வரிசையில் மொத்தம் ஆறு நாடகங்கள். அவர் முடிக்காமல் விட்ட பகுதியைப் பேரன் எஸ்.ராஜாராம் இசை அமைத்து நிறைவு செய்தார். அவரும் தாத்தாவிடம் கற்றவர்.

1959-ல் பத்மபூஷண் வந்தது. கன்னடத்தில் தாம் கண்ட வித்வான்களைப் பற்றியும் தம் வாழ்க்கையைப் பற்றியும் புத்தகங்கள் எழுதி வைத்தார். அந்தக் காலத்து ஸங்கீத உலகத்தைத் தெரிந்துகொள்ள அவை பெரிய பொக்கிஷம். 1961 மே 17-ல் காலமானார். தொண்ணூற்றாறு நிறைய இன்னும் பதினோரு நாள் இருந்தது.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. மாட்டுப்பெண் மட்டும், ராஜா பணம் கொடுத்தார், நமக்கு யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். முதல் டெர்ம் ஃபீஸை என் பென்ஷனிலிருந்து கட்டிவிட்டேன். தஸரா லீவு வரைக்கும் பார்ப்போம் என்று முடிவாயிற்று.

இப்போது மூன்றாவது வாரம். மாயாமாளவகௌளையில் ஸரளி வரிசை தொடங்கியிருக்கிறது. புரந்தரதாஸர் வகுத்த பாடம் என்று டீச்சர் சொன்னாராம், அவரும் கன்னடக்காரர்தானே என்று பேத்திக்கு ஒரே பெருமை. சாயங்காலம் என்னையும் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தருகிறாள். நிஷாதத்தில் எனக்கு ஸ்ருதி சேரவில்லையாம். நாளைக்கும் அதே வரிசைதான் என்று உத்தரவு.