பிறருக்காக ஜெபித்த சிறுமலர்



குடித்துச் சீரழியும் கணவனுக்காக வருஷக்கணக்கில் ஜெபமாலை சொல்லிவரும் மனைவியும், கோயில் வாசலை மிதிக்காத மகனுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கும் தாயும் இல்லாத பங்கு கிடையாது. இவர்களில் பலர் ஒருநாள் மனம் சோர்ந்துபோகிறார்கள். இத்தனை காலம் மன்றாடியும் ஒரு மாற்றமும் காணோமே, நம்முடைய ஜெபம் சர்வேசுரன் திருச்செவியில் ஏறவில்லையோ என்று ஏங்குகிறார்கள். பிறருக்காக வேண்டிக்கொள்வதில் பலன் உண்டா என்னும் இந்தக் கேள்விக்கு, 24 வயதில் மரித்த ஒரு கன்னியாஸ்திரியின் சீவியமே நல்ல மறுமொழி. அவர்தான் குழந்தை சேசுவின் அர்ச். தெரேசம்மாள். கையில் பாடுபட்ட சுரூபமும் ரோஜா மலர்களும் ஏந்தி நிற்கும் அவருடைய படம் நம்மில் பலர் வீட்டில் உண்டு. ஆனால் அவர் முதன்முதல் தம் பிள்ளையென்று ஏற்றுக்கொண்டது ஒரு கொலைகாரனை என்பதைப் பலர் அறியார்.

தெரேசம்மாள் 1873-ஆம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி பிரான்சு தேசத்து அலான்சோன் நகரில் பிறந்தார். தகப்பனார் லூயி மார்த்தீன் கடிகாரத் தொழில் செய்தவர். தாயார் ஸெலி கெரேன் லேஸ் பின்னும் தொழில் நடத்திவந்தவர். அவர்களுக்குப் பிறந்த ஒன்பது பிள்ளைகளில் நால்வர் சிறு வயதிலேயே இறந்துபோக, ஐந்து பெண்மக்கள் மிஞ்சினார்கள். கடைக்குட்டி தெரேசம்மாள். அவருக்கு நாலரை வயதானபோது தாயார் புற்றுநோயால் காலமானார். தகப்பனார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு லிசியே நகரில் குடியேறினார். தாய்க்குத் தாயாய் நின்ற அக்காள் பொலீன், 1882-ல் அவ்வூர்க் கார்மேல் மடத்தில் சேர்ந்துவிட்டபோது, சிறுமி இரண்டாந்தரம் தாயை இழந்தவரானார். சின்னச் சொல் ஒன்றுக்கும் கண்ணீர் விடுகிற பிள்ளையாக வளர்ந்தார்.

1886-ஆம் வருஷம் கர்த்தர் பிறந்த திருநாள் இரவில் இந்த நிலை மாறிற்று. நடுச்சாமப் பூசை கண்டு வீடு திரும்பியதும், களைத்திருந்த தகப்பனார் மகளைப்பற்றிச் சலிப்பாய்ச் சொன்ன ஒரு வார்த்தை அவர் காதில் விழுந்தது. வழக்கம்போல் அழுது தீர்க்காமல், கண்ணீரை அடக்கிக்கொண்டு, சிரித்த முகத்தோடு தகப்பனார் முன் போய் நின்றார். தன் துக்கத்தையே நினைத்துக்கொண்டிருந்த மனம் அன்று முதல் பிறர் ஆத்துமத்தை நினைக்கத் தொடங்கிற்று.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைப் புத்தகத்திலிருந்து ஒரு படம் சற்றே வெளியே நழுவி, சிலுவையில் அறையுண்ட சேசுநாதரின் கை ஒன்று மட்டும் தெரிந்தது. அந்தக் கையிலிருந்து வழிந்த திரு இரத்தத்தை ஏந்துவார் இல்லாமல் அது தரையில் விழுவதாக அவருக்குத் தோன்றிற்று. இனி மனத்தால் சிலுவையடியிலேயே நின்று, அந்த இரத்தத்தின் பலனைப் பாவிகள்மேல் ஊற்றுவதே தம் வேலையென்று தீர்மானித்தார். அப்போது அவருக்கு வயது 14.

அந்தத் தீர்மானத்துக்குச் சோதனை சீக்கிரமே வந்தது. 1887 மார்ச்சு மாதத்தில் பாரீஸ் நகரில் ஒரு பெண்ணும், அவளுடைய வேலைக்காரியும், வேலைக்காரியின் சிறு மகளும் கொலையுண்டார்கள். பிரான்சினி என்பவன் பிடிபட்டான். ஜூலை மாதம் அவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தேசமெல்லாம் அவனைச் சபித்தது. அவனோ குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மனஸ்தாபப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. அவன் நித்திய நரகத்துக்குப் போகாதபடி தடுக்கவேண்டுமென்று தெரேசம்மாள் துணிந்தார். தம்மிடம் ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும். ஆகையால் சேசுநாதரின் அளவில்லாத பேறுபலன்களையும் திருச்சபையின் பொக்கிஷங்களையும் சர்வேசுரனுக்கு ஒப்புக்கொடுத்தார். அவனுக்காக ஒரு பூசை வைக்கவேண்டுமென்று கேட்கக் கூச்சப்பட்டு, அக்காள் செலின் மூலமாக அதற்கு ஏற்பாடு செய்தார். சேதி அறிந்த செலினும் அந்த ஜெபத்தில் சேர்ந்துகொண்டார்.

இங்கே நாம் ஒன்றை நன்றாய்க் கவனிக்கவேண்டும். அவன் பாவசங்கீர்த்தனம் செய்யாமலும், மனந்திரும்பியதற்கு அடையாளம் ஒன்றும் காட்டாமலும் இறந்தாலுங்கூட, சர்வேசுரன் அவனை மன்னித்தார் என்றே தாம் நம்புவதாக அவர் முதலிலேயே ஆண்டவரிடம் சொல்லிவிட்டார். தம் ஆறுதலுக்காக மட்டும் ஓர் அடையாளம் கேட்டார். அடையாளம் கண்டு அவர் விசுவசிக்கவில்லை. விசுவசித்த பிறகே அடையாளம் கேட்டார்.

ஆகஸ்டு 31-ந் தேதி பிரான்சினியின் தலையை வெட்டினார்கள். வீட்டில் பத்திரிகை படிக்கக்கூடாதென்று தகப்பனார் சொல்லியிருந்தாலும், தம்முடைய பாவியைப்பற்றிய சேதியைப் பார்ப்பது கீழ்ப்படியாமை ஆகாதென்று எண்ணி, மறுநாள் தெரேசம்மாள் பத்திரிகையை விரித்தார். பாவசங்கீர்த்தனம் செய்யாமலே கொலைமேடை ஏறியவன், தலையைக் கொடுக்கும் தறுவாயில் சட்டென்று திரும்பி, குருவானவர் நீட்டிய பாடுபட்ட சுரூபத்தை வாங்கித் திருக்காயங்களை மூன்றுதரம் முத்திசெய்தான் என்று அதில் எழுதியிருந்தது. கண்ணீரைப் பிறர் பாராதபடி அவர் ஒதுங்கிப்போனார். அன்று முதல் பிரான்சினி அவருடைய முதற் பிள்ளை. பின்னாளில் மடத்தில் இருந்தபோதும் அவனுடைய ஆத்தும இளைப்பாற்றிக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கச் செய்தார்.

அந்த வருஷமே நவம்பர் மாதம் தகப்பனாரோடு ரோமாபுரிக்குப் போய், 15 வயதில் கார்மேல் மடத்தில் சேர உத்தரவு வேண்டுமென்று பாப்பரசர் 13-ஆம் சிங்கராயரின் பாதத்தில் மண்டியிட்டுக் கேட்டார். 1888 ஏப்ரல் 9-ந் தேதி மடத்துக் கதவு அவருக்குத் திறந்தது. அதற்குப்பின் சாகும்வரையில் அவர் அந்த மதிலைத் தாண்டவில்லை. எதற்காக மடத்துக்கு வந்தாய் என்று வார்த்தைப்பாட்டுக்கு முன் விசாரிக்கப்பட்டபோது, ஆத்துமங்களை இரட்சிக்கவும், விசேஷமாய்க் குருக்களுக்காக ஜெபிக்கவும் வந்ததாக அவர் அறிவித்தார். 1890 செப்டம்பர் 8-ந் தேதி வார்த்தைப்பாடு கொடுத்தபோது, தாம் குருவாகிப் போதிக்க முடியாதாகையால் தம் ஸ்தானத்தில் ஒரு குருவானவர் ஆண்டவருக்கு உழைக்கவேண்டுமென்று மன்றாடினார். அது யாரென்று அவருக்குத் தெரியாது.

ஆறு வருஷத்துக்குப்பின், 1896-ல், சீனதேசத்துக்குப் புறப்படவிருந்த அதோல்ப் ருலான் என்னும் இளம் குருவுக்காக வேண்டிக்கொள்ளும் பொறுப்பை மடத்துத் தலைவி தெரேசம்மாளிடம் ஒப்படைத்தார். அவர் பாரீஸ் அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்தவர். நம் புதுச்சேரிப் பகுதியிலும் அநேக காலம் உழைத்த சபை அதுவே. ருலான் சுவாமியார் தம் சீவியத்தின் முக்கிய நாட்களைக் குறித்து அனுப்பியபோது, 1890 செப்டம்பர் 8-ந் தேதி தம் தேவ அழைத்தல் ஒரு பெரிய சஞ்சலத்திலிருந்து தப்பியதென்று எழுதியிருந்தார். ஒருவரையொருவர் அறியாதிருந்த காலத்திலேயே ஒருவர் ஜெபம் மற்றவரைத் தாங்கியிருந்தது. தெரேசம்மாள் சீனாவின் சேச்சுவான் பகுதிப் படத்தைத் தாம் வேலைசெய்யும் இடத்துச் சுவரில் மாட்டிவைத்தார்.

அதற்கு முந்தின வருஷமே மோரிஸ் பெலியேர் என்ற குருமட மாணவருக்காகவும் வேண்டிக்கொள்ளும் பொறுப்பு அவருக்குக் கிடைத்திருந்தது. நோயாளியான தெரேசம்மாள் தோட்டத்தில் நடக்கவேண்டுமென்று மடத்தில் சொல்லியிருந்த காலத்தில், அடியெடுத்து வைக்கவே அவர் தள்ளாடினார். அந்த நடையின் களைப்பையும், தூரதேசத்தில் களைத்திருக்கும் ஏதாவதொரு வேதபோதகருக்காக ஒப்புக்கொடுத்தார். ஜெபமென்றால் வாய் வார்த்தை மட்டுமல்ல என்பதை இதனால் அறிகிறோம்.

இதுவரை கேட்டால், அவர் கேட்டதெல்லாம் கிடைத்ததென்று தோன்றும். அப்படியல்ல. 1896 பெரிய வியாழன் இரவில் அவர் முதன்முதல் இரத்தம் கக்கினார். சில நாட்களில் அதைவிடக் கொடிய வேதனை ஆத்துமத்தில் புகுந்தது. மோட்சம் உண்டென்னும் இனிய உணர்வெல்லாம் மறைந்து இருள் சூழ்ந்தது. மரணமட்டும் அது நீங்கவில்லை. விசுவாசமில்லாதவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து, அவர்கள் உண்ணும் கசப்பான அப்பத்தைத் தாமும் உண்பதாக அவர் எண்ணி, அவர்களுக்காக அந்த இருளையும் ஒப்புக்கொடுத்தார்.

அந்த இருளிலும் அவர் மறவாத ஒரு பெயர் உண்டு. இயாசிந்த் லுவாசோன் என்பவர் கார்மேல் சபைத் துறவி, பாரீஸ் நகரில் புகழ்பெற்ற பிரசங்கி. 1869-ல் சபையை விட்டுப் பிரிந்து, திருச்சபையின் உறவிலிருந்து விலக்கப்பட்டு, பின்பு கலியாணமும் செய்துகொண்டார். தெரேசம்மாள் அவரைச் சகோதரராகவே எண்ணி வருஷக்கணக்காய் வேண்டிக்கொண்டார். 1897 ஆகஸ்டு 19-ந் தேதி அவர் உட்கொண்ட தேவ நற்கருணையே அவருடைய கடைசி நற்கருணை. அதையும் லுவாசோனுக்காகவே ஒப்புக்கொடுத்தார். செப்டம்பர் 30-ந் தேதி காசநோயால் மரித்தார். லுவாசோன் 1912 வரையில் உயிரோடிருந்தார். திருச்சபையோடு ஒப்புரவானதற்கு வெளி அடையாளம் ஒன்றுமில்லாமலே இறந்தார். பெலியேரோ, தெரேசம்மாள் மரிப்பதற்கு முந்தின நாள்தான் ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே உழைத்துச் சுகம் கெட்டுத் திரும்பி, 1907-ல் 33 வயதில் மனநோயாளர் மருத்துவமனையில் காலமானார்.

பிரான்சினிக்காகச் செய்த ஜெபம் பலித்தது, லுவாசோனுக்காகச் செய்த ஜெபம் வீணாயிற்று என்று சொல்லலாமா? கூடாது. இருவருக்கும் ஒரே விசுவாசத்தோடுதான் ஜெபித்தார். முதலாவதில் சர்வேசுரன் திரையைச் சற்றே விலக்கிக் காட்டினார். இரண்டாவதில் காட்டவில்லை. அவ்வளவே வித்தியாசம். மனிதனுடைய சுயாதீனத்தை ஆண்டவர் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் கடைசி மூச்சுமட்டும் அவன் இருதயக் கதவைத் தட்டுகிறார். அந்தக் கடைசி நாழிகையில் நடப்பதை மனைவியும் அறியாள், தாயும் அறியாள். பத்திரிகையும் அதை எழுதாது. பிறருக்காக ஜெபிப்பது, சேசுநாதர் ஒருவரே செலுத்தும் மன்றாட்டில் நாமும் பங்குகொள்வது. அந்த மன்றாட்டில் வீண் என்பது இல்லை.

1925-ல் பாப்பரசர் 11-ஆம் பத்திநாதர் தெரேசம்மாளுக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். 1927-ல் அர்ச். சவேரியாரோடு வேதபோதக நாடுகளின் பாதுகாவலியாகவும் நியமித்தார். சவேரியாரோ 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து ஊர் ஊராய் நடந்தவர். இவரோ மடத்து மதிலைத் தாண்டாதவர். இருவரையும் ஒரே ஆசனத்தில் வைத்தது, முழங்காலின் உழைப்பும் காலின் உழைப்பும் ஒன்றே என்று நமக்குக் காட்டுவதற்காகவே. 1997-ல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவரைத் திருச்சபையின் வேதபாரகராகவும் அறிவித்தார்.

எத்தனை பேருக்கென்று ஜெபிப்பது, நேரம் ஏது என்று சொல்வோருக்கும் அவரிடம் மறுமொழி உண்டு. தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள் பெருகியபோது, பெயர் பெயராய்ச் சொல்லிக்கொண்டிருந்தால் நாள் போதாதென்று அவர் கண்டார். சேசுநாதரிடம் தாம் நெருங்கிச் சென்றால், தாம் நேசிப்பவர்கள் எல்லாரும் தம்மோடு இழுக்கப்படுவார்கள் என்று நம்பினார். ஆகையால் பிறருக்காக ஜெபிக்கிறவன் முதலில் தான் ஆண்டவரண்டை போகவேண்டும். மகன் கோயிலுக்கு வரவில்லையென்று அழுகிற நாம், அயலாளோடு பேசாமல் பகை வளர்த்துக்கொண்டிருந்தால், அந்த ஜெபத்தின் காலில் நாமே கல்லைக் கட்டுகிறோம்.

அக்டோபர் 1-ந் தேதி அவருடைய திருநாள். அதுவரைக்கும் காத்திராமல், இந்த வாரமே ஒவ்வொரு குடும்பமும் ஒரு பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். ஊரார் யாரை வெறுத்துத் தள்ளினார்களோ அவனுடைய பெயராக இருந்தால் இன்னும் நல்லது. இரவு ஜெபமாலையில் ஒரு பத்துமணியை அவனுக்காக ஒப்புக்கொடுங்கள். சிறு பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொடுங்கள். அடையாளம் கேட்பது பாவமல்ல, தெரேசம்மாளும் கேட்டார். ஆனால் அடையாளம் வராததால் ஜெபத்தை நிறுத்திவிடாதேயுங்கள். பல வருஷமாய் ஜெபித்துக் களைத்திருக்கும் தாய்மாரே, உங்கள் ஜெபமாலையைக் கீழே வைத்துவிடவேண்டாம்.

சர்வேசுரன் உங்கள் எல்லாரையும், நீங்கள் யாருக்காகக் கண்ணீர் விடுகிறீர்களோ அவர்களையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குருவானவர்