மூளைக்கு வரைபடம் தந்தவர்

உடலின் ஒரு பகுதியில் தொடங்கிப் பரவும் வலிப்புக்குப் பெருமூளைப் புறணியின் குறிப்பிட்ட ஓரிடத்தில் எழும் கோளாறே காரணம் என இலண்டன் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் கருதினார். அக்கருத்தை ஆய்வகத்தில் சோதித்தவர் டேவிட் ஃபெரியர்.

ஸ்காட்லாந்தில் 1843ஆம் ஆண்டு பிறந்த இவர், 1873இல் இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு மனநல மருத்துவமனையில் தம் ஆய்வைத் தொடங்கினார். மயக்கமூட்டப்பட்ட நாய், பூனை, முயல் ஆகியவற்றின் மூளைப் புறணியில் மின்னோட்டம் செலுத்தினார். ஓரிடத்தைத் தூண்டியபோது எதிர்ப்பக்கக் கால் அசைந்தது. மற்றோரிடத்தைத் தூண்டியபோது முகம் அசைந்தது. தூண்டல் வலுத்தபோது வலிப்பே தோன்றியது. பின்னர்க் குரங்குகளையும் ஆராய்ந்து, எப்பகுதி எவ்வுறுப்பை இயக்குகிறது என வரையறுத்தார்.

குரங்கின்மீது உரிமமின்றி ஆய்வு நடத்தியதாக 1881இல் இவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அறுவை செய்தவர் உரிமம் பெற்ற உடனாய்வாளரே எனத் தெளிந்ததால் விடுவிக்கப்பட்டார்.

1884இல், வலிப்பால் வருந்திய இளைஞர் ஒருவரின் மூளைக்கட்டி இருக்குமிடம், மண்டையோட்டைத் திறக்கும் முன்பே கணிக்கப்பட்டது. கட்டி அகற்றப்பட்டதும் வலிப்பு நின்றது; ஆயினும், நோய்த்தொற்றால் சில வாரங்களில் அவர் இறந்தார். எனினும், மூளை அறுவை மருத்துவத்திற்கு அந்நிகழ்வு வழிகாட்டியது.

ஃபெரியர் 1928இல் மறைந்தார். நோயாளரின் துயர் களையவும் ஆய்வு விலங்குகளின் துன்பம் குறைக்கவும் அறிவியல் ஒருங்கே கடமைப்பட்டுள்ளது என்பதை இவர் வாழ்வு உணர்த்துகிறது.