எலிசபெத் பிரை அம்மையார்

குற்றம் செய்தவரைத் தண்டித்தல் அரசின் கடமையாகும். பொருளைப் பறிகொடுத்தவரின் துயரையும் உறவினரை இழந்தவரின் கண்ணீரையும் எளியனவாகக் கருதுதல் ஆகாது. ஆயினும் குற்றவாளியும் மனிதரே. திருந்தி வாழ அவருக்கும் ஒரு வழி வேண்டும். இவ்வுண்மையைத் தம் வாழ்வால் உலகிற்கு உணர்த்தியவர் எலிசபெத் பிரை அம்மையார்.

இவர் 1780-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள நார்விச் நகரில் பிறந்தார். இவருடைய குடும்பத்தார் வங்கித் தொழிலில் பெயர் பெற்றவர்கள். குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். பன்னிரண்டாம் வயதில் எலிசபெத் தம் அன்னையை இழந்தார். இளமையிலேயே ஏழைச் சிறுவர்களைத் தம் இல்லத்திற்கு அழைத்துக் கல்வி புகட்டினார். 1800-இல் ஜோசப் பிரை என்பவரை மணந்து இலண்டனில் குடியேறினார். இவருக்குப் பிறந்த மக்கள் பதினொருவர்.

இலண்டனில் நியூகேட் என்னும் பெருஞ்சிறை இருந்தது. 1813-ஆம் ஆண்டில் அம்மையார் அங்குள்ள பெண்கள் பகுதியைக் காணச் சென்றார். ஏறத்தாழ முந்நூறு பெண்கள் தம் குழந்தைகளுடன் அங்கே அடைபட்டிருந்தனர். விசாரணை முடியாதவரும் தூக்குத் தண்டனை பெற்றவரும் ஒன்றாகவே கிடந்தனர். சமைப்பதும் உறங்குவதும் ஓரிடத்திலேயே. பலருக்குப் படுக்கையும் இல்லை. சிறைக் காவலரும் உள்ளே செல்ல அஞ்சினர். அம்மையாரோ அஞ்சாது நுழைந்து, ஆடையின்றி நடுங்கிய குழந்தைகளுக்குக் கம்பளி உடைகளை அளித்தார்.

குடும்பத் துன்பங்களால் சில ஆண்டுகள் தடைப்பட்ட இப்பணி மீண்டும் தொடங்கியது. 1817-இல் அம்மையார் பெண்மணிகள் சிலருடன் ஒரு சங்கம் நிறுவினார். முதலில் குழந்தைகளுக்குப் பள்ளி அமைந்தது. கடிகாரம் திருடிச் சிறைப்பட்ட ஒரு பெண்ணையே கைதிகள் ஆசிரியையாகத் தேர்ந்தெடுத்தனர். பின்னர்ப் பெண்கள் தையலும் பின்னலும் பயின்றனர். சிறை ஒழுங்குக்குரிய விதிகள் ஒவ்வொன்றாகப் படிக்கப்பட்டன. கைதிகள் கையுயர்த்தி இசைவு தந்த பின்னரே அவை நடைமுறைக்கு வந்தன. கூச்சலும் சண்டையும் நிறைந்திருந்த இடத்தில் அமைதி நிலவக் கண்டு அதிகாரிகள் வியந்தனர். மறு ஆண்டில் பாராளுமன்றக் குழு அம்மையாரை அழைத்துச் சிறைகளின் நிலையைக் கேட்டறிந்தது.

அக்காலத்து ஆங்கிலச் சட்டம் மிகக் கொடியது. சிறு திருட்டுகள் பலவற்றிற்கும் தூக்குத் தண்டனை உண்டு. வங்கிக் கள்ளத்தாளை மாற்றியவருக்கும் அதுவே கதி. அக்குற்றத்திற்காக ஹாரியட் ஸ்கெல்ட்டன் என்னும் பணிப்பெண் 1818-இல் தூக்கிலிடப்பட இருந்தாள். அவளைக் காக்க அம்மையார் அமைச்சரிடமும் பெருமக்களிடமும் மன்றாடினார். மன்றாட்டுப் பயன் தரவில்லை. அவள் உயிர் நீத்தாள். கள்ளத்தாளால் விளையும் கேட்டை வங்கிக் குடும்பத்தில் பிறந்த அம்மையார் அறியாதவர் அல்லர். எனினும், தண்டனை பழி தீர்ப்பதற்கன்று. குற்றத்தைக் குறைத்துக் குற்றவாளியைத் திருத்துவதற்கே என்பது அவர் கொள்கை. காலம் அக்கொள்கையின் பக்கம் திரும்பியது. 1830-ஆம் ஆண்டில், கள்ளத்தாளால் இழப்புக்குள்ளாகும் வங்கியாளர்களே பல நகரங்களிலிருந்தும் ஒன்றுகூடி அத்தண்டனையை நீக்குமாறு பாராளுமன்றத்திற்கு விண்ணப்பம் செய்தனர். தூக்குக்கு அஞ்சிச் சான்று கூறவும் பலர் தயங்கியதால், கடுந்தண்டனை தம் பொருளைக் காக்கவில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். 1837-க்குள் அத்தண்டனை முற்றும் நீங்கியது.

ஆஸ்திரேலியாவிற்கு நாடு கடத்தப்பட்ட பெண்களையும் அம்மையார் மறந்திலர். திறந்த வண்டிகளில் ஊரார் எள்ளி நகைக்க அவர்கள் துறைமுகம் செல்லும் வழக்கத்தை மாற்றி, மூடிய வண்டிகளில் அனுப்பச் செய்தார். கப்பல்தோறும் சென்று துணித்துண்டுகளும் ஊசியும் நூலும் வழங்கினார். நெடும் பயணத்தில் அவர்கள் போர்வை தைத்துப் பொருளீட்ட இவை உதவின.

1828-இல் கணவரின் வாணிகம் நொடித்தது. பெரிய இல்லத்தை விட்டு எளிய இல்லத்திற்கு மாறிய பின்னும் அம்மையார் தம் தொண்டினைக் கைவிடவில்லை. 1845 அக்டோபர் 12-ஆம் நாள் ராம்ஸ்கேட் என்னும் ஊரில் அவர் காலமானார்.

கள்ளத்தாள் வழக்குகளை அந்நாளில் தொடுத்து வந்தது இங்கிலாந்து வங்கி. அவ்வங்கியே 2002-ஆம் ஆண்டு வெளியிட்ட ஐந்து பவுன் தாளில் அம்மையாரின் உருவத்தைப் பொறித்தது. நியூகேட் கைதிகளுக்கு அவர் படித்துக் காட்டும் காட்சியும் அதில் இடம்பெற்றது. குற்றத்தை வெறுத்துக் குற்றவாளிக்கு இரங்கிய அவ்வுள்ளத்தின் பெருமையை அத்தாள் 2017 வரை மக்கள் கைகளில் ஏந்திச் சென்றது.