கப்டன் சைபோர்ணின் ஈயச் சேனை

வோட்டர்லூச் சமரைக் கற்பிக்கும் நாம் நெப்போலியனையும் வெலிங்டன் கோமகனையும் பெயர் சொல்லி அப்பாற் சென்றுவிடுகிறோம். அச்சமரின் நுட்பங்களை உலகம் இன்று இவ்வளவு அறிந்திருப்பதற்குக் காரணராயிருந்த மூன்றாமவர் ஒருவர் உளர். அவர் அக்களத்திற் போர் புரிந்தவர் அல்லர். யுத்த சரித்திரம் பயில்வோரும், ஈயத்தில் வார்த்த சிறு சிப்பாய்களுக்கு வர்ணந் தீட்டிப் பழைய போர்களை மேசைமீது மீண்டும் ஆடிப் பார்ப்போரும் நன்கறிந்த பெயர் அவருடையது. கப்டன் வில்லியம் சைபோர்ண் என்னும் அவருடைய சரிதத்தை நமது மாணவர்களும் அறிதல் நன்று என்பது என் எண்ணம்.

சைபோர்ண் 1797ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் கிறீனிச்சிற் பிறந்தார். தந்தையார் ஒன்பதாம் காலாட்படையிற் கப்டன். 1813இல் நிவேல் சமரிற் காயமுற்றவர். மைந்தரும் இராணுவக் கல்லூரியிற் பயின்று அதே படையிற் சேர்ந்தார். 1815 யூன் 18இல் வோட்டர்லூவிற் பீரங்கிகள் முழங்கியபோது அவருக்கு வயது பதினேழு. அவர் பிரான்சை அடைந்ததோ வெற்றிக்குப் பின்னர், அந்நாட்டைக் காவல் செய்த படையுடன். சமரைத் தவறவிட்ட இவ்விளைஞர், அதில் நின்றவர்களைக் காட்டிலும் அதனை நுணுகி அறியப் போகிறவர்.

அவருக்கு இயல்பாக வாய்த்த திறமை நிலவளவை. மேடு பள்ளங்களைக் காகிதத்திற் பிழையின்றிக் காட்டும் முறை பற்றி 1822இலும் 1827இலும் நூல்கள் எழுதினார். 1826இல் அயர்லாந்துப் படைத் தலைவரின் உதவி இராணுவச் செயலாளராக டப்ளினில் உத்தியோகம் பெற்றார். 1830இல் பிரித்தானியப் பிரதம தளபதி ஹில் பிரபு, வோட்டர்லூக் களத்தின் மாதிரியுரு ஒன்றை அமைக்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தார்.

சைபோர்ண் களத்தின் நடுவே இருந்த லா ஏ சாந்த் பண்ணையிற் குடிபுகுந்து, எட்டு மாதங்கள் அந்நிலத்தை அளந்தார். அதற்குள் நிலமே மாறத் தொடங்கியிருந்தது. வெற்றிச் சின்னமான சிங்கமேட்டை எழுப்புவதற்காக, வெலிங்டனின் படை நின்ற முகட்டிலிருந்தே மண்ணை வெட்டியெடுத்திருந்தனர். அம்மேடு 1826இல் முடிவுற்றது. ஒரு வெற்றியைக் கொண்டாட அவ்வெற்றிக்குத் துணைநின்ற முகட்டையே சிதைத்த விந்தையை என்னென்பது!

நிலத்தை அளந்தாயிற்று; மனிதரை எங்கே நிறுத்துவது? மாலை ஏழு மணியளவில், நெப்போலியனின் மெய்க்காவற் படை இறுதியாகத் தாக்கிய கணத்தைக் காட்டுவதென அவர் தீர்மானித்தார். உயிரோடிருந்த அதிகாரிகளுக்கு 1834இல் சுற்றுக் கடிதம் ஒன்றும் களத்தின் வரைபடமும் சென்றன. அந்நேரத்தில் உமது படை எவ்வணியில் நின்றது? எதிரே பகைவர் எவ்வணியில் நின்றனர்? சுற்றிலும் வயல்களில் என்ன பயிர் நின்றது? இம்மூன்றாம் வினாவிலேதான் நான் அம்மனிதரைக் காண்கிறேன். பயிரின் நிறம் தவறினாலும் சரித்திரம் தவறியதாகக் கருதும் நெஞ்சம் அது. ஏறத்தாழ 700 கடிதங்கள் திரண்டன. இருபதாண்டு பழகிய நினைவுகள் ஒன்றையொன்று மறுத்தன. மெய்க்காவற் படையை முறியடித்த புகழ் முதலாம் காவற்படைக்கா, ஐம்பத்திரண்டாம் படைக்கா என்ற வழக்கு அன்றும் இருந்தது. பின்னரும் நெடுங்காலம் நீடித்தது.

1833இலேயே அரசாங்கம் மேற்கொண்டு பணந்தர மறுத்துவிட்டது. சைபோர்ண் நிறுத்தவில்லை. கடன்பட்டார், சந்தா திரட்டினார். ஒரு மைலுக்கு ஒன்பது அடி என்ற அளவில், ஏறத்தாழ 400 சதுர அடிப் பரப்பில் களம் உருவாயிற்று. அதன்மீது நின்ற ஈயச் சிப்பாய்கள் 70,000க்கும் அதிகம். ஒவ்வோர் உருவும் பத்து மில்லிமீற்றர் உயரமே. இரு வீரருக்கு ஓர் உரு என்பது கணக்கு. இந்த விரல்நகச் சேனைக்கும் படைக்குரிய வர்ணம் வேண்டியிருந்தது. அவர் எட்டு மாதங்கள் உறங்கிய பண்ணைவீட்டை, அந்நேரத்திற்குரிய உண்மைப்படி, பிரெஞ்சுக்காரர் கையிலேயே விட்டார்.

தொல்லை பிரஷ்யரால் வந்தது. பெர்லினுக்கு எழுதி அவர் பெற்ற தகவல்களின்படி ஏழு மணிக்குப் பிரஷ்யப் படை களத்தின் கிழக்கே பெருந்தொகையாகப் போரில் இறங்கியிருந்தது. அங்ஙனமே நிறுத்த எண்ணினார். வெலிங்டனைச் சூழ்ந்தோருக்கு இது கசந்தது. வெற்றி பிரித்தானிய வீரத்தாலும் கோமகனின் தலைமையாலும் கிட்டியதன்று, பிரஷ்யரின் பக்கத் தாக்குதலாற் கிட்டியது என்று காண்போர் கருதுவரென அஞ்சினர். அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. உறைந்த ஒரு கணத்தைக் காட்டும் உரு, அதற்கு முன் பகல் முழுவதும் தனித்து நின்று தாங்கியவர்களின் பாட்டைக் காட்டாது. ஆயினும் வினா அதுவன்று. அந்நேரத்தில் அங்கே யார் நின்றனர் என்பதே வினா. ஈற்றில் சைபோர்ண் இணங்கினார். தமது கணிப்பிற் பிழை நேர்ந்ததென எழுதிப் பிரஷ்யரின் நிலைகளை மாற்ற ஒப்புக்கொண்டார். சான்றுகண்டு மாறினாரா, நெருக்குதலுக்குத் தளர்ந்தாரா என்பதில் ஆய்வாளர் ஒருமித்தவரல்லர். கடனும் மேலாரின் அதிருப்தியும் ஒருங்கே சூழ்ந்த ஒரு கீழதிகாரியை நான் கடிந்துகொள்ளத் துணியேன்.

1838இல் இலண்டன் பிக்கடிலியிலுள்ள எகிப்திய மண்டபத்தில் மாதிரியுரு காட்சிக்கு வந்தது. தலைக்கு ஒரு சிலிங் கொடுத்து ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் கண்டனர். செலவு 3,000 பவுண் அளவில் ஏறியிருந்தது. படைத்தவரோ கடனாளியாகவே இருந்தார். எனினும் ஓயாது, குதிரைப்படைத் தாக்குதலைக் காட்டும் இரண்டாவது மாதிரியுருவைப் பெரிய அளவில் அமைத்தார். 1844இல் அச்சமர் பற்றிய விரிவான சரித்திரத்தையும் வெளியிட்டார். பதவியிற் கப்டனுக்கு மேல் உயரவில்லை. இறுதியாண்டுகளில் இலண்டன் செல்சியில், படைவீரரின் பிள்ளைகளுக்கான இராணுவ ஆதரவில்லத்திற் பணிபுரிந்து, 1849 சனவரியில் ஐம்பத்தோராம் வயதிற் காலமானார்.

நம் நாட்டுக்கும் அக்களத்துக்கும் ஒரு தொடர்புண்டு. கொழும்பு–கண்டி வீதியை அமைப்பித்த தேசாதிபதி சேர் எட்வேட் பான்ஸ், வோட்டர்லூவில் வெலிங்டனின் உயரதிகாரியாக நின்று படுகாயமுற்றவரே.

முதல் மாதிரியுரு இன்று செல்சியிலேயே, தேசிய இராணுவ நூதனசாலையில் இருக்கிறது. இரண்டாவது லீட்ஸ் நகரில். கடிதங்களை மைந்தர் ஹேபேட் ரெயிலர் சைபோர்ண் காத்து வைத்து, ஒரு பகுதியை 1891இல் நூலாக்கினார். மூலங்கள் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. வோட்டர்லூச் சிப்பாய் ஒருவனுக்கு வர்ணந் தீட்டித் தன் மேசைமீது நிறுத்த முனைபவர், அவன் எங்கே, எவ்வணியில், எப்பயிரினூடே நின்றான் என்றறிய இன்றும் அக்கடிதங்களையே புரட்டுகிறார்.